கொம்பின் மேல் ஒரு சுழி

அவளுக்கு ஊர் வைத்த பெயர் சக்கரம். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, சொன்னவரை மறந்துவிட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. சின்னவர்களுக்குச் சக்கரம் அக்கா, பெரியவர்களுக்கு வெறும் சக்கரம். அருங்காட்சியகத்துக்கு வரும் கடிதங்களில்கூட ஒன்றிரண்டு 'சக்கரம் அம்மையார் அவர்களுக்கு' என்று வந்திருக்கின்றன. அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்வதென்றால் முதலில் ஓரிடத்தில் உட்கார வேண்டுமே.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். "நான் ஓட்டுற பஸ்ஸாவது ஸ்டாப் வந்தா நிக்கும்" என்பார். அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே போன் பேசுவாள். பேனாவைக் கையில் எடுத்தால் கையும் அப்படித்தான் ஓடும்.

பள்ளியில் படிக்கும்போதே இந்தக் கை அவளுக்குத் தொல்லை கொடுத்தது. கொம்பு போடும்போது கை சும்மா நிற்காது, மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகிவிடும். 'கொடி ஏற்றினோம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கோடி ஏற்றினோம்' என்று எழுதிவிட்டு, வகுப்பு முழுக்கச் சிரித்தபோது எதற்கென்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த பழைய பம்பு அறை, அதை ஒட்டி ஒரு நீள அறை, நடுவில் ஒரு நடை, அவ்வளவுதான். உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பொருட்கள். விரிசல் விட்ட பள்ளிக்கூட மணி, தபால்காரரின் தொப்பி, மூடிப்போன கடைகளின் பெயர்ப்பலகைகள், தியேட்டரில் டிக்கெட் கிழித்தவரின் டார்ச் லைட். எல்லாம் ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. "தூக்கிப் போட மனசு வரல, வச்சுக்கவும் இடமில்ல, நீயே வச்சுக்கோ சக்கரம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, வாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பொருள் வந்தால் அதைத் தூரிகையால் தூசு தட்டுவதும், எண் எழுதிய துணி நாடாவைக் கட்டுவதும், பதிவேட்டில் எழுதுவதும் அவள் வேலை. யார் கொடுத்தது, எந்த நாளில், எதற்குப் பயன்பட்டது என்றெல்லாம் எழுதியபின் கடைசியில் 'நிலை' என்று ஒரு குறுகிய கட்டம் வரும். அதில் முழுச்சொல் அடங்காது என்று, அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்த முதல் தலைவர் சுருக்கங்கள் ஏற்படுத்திவைத்திருந்தார். பெட்டிக்குள் இருந்தால் 'பெ.' பழுதென்றால் 'ப.' காட்சிப் பொருளாக வெளியே வைத்திருந்தால் 'கா.பொ.' காணாமல் போயிருந்தால் 'கா.போ.'

இத்தனை சொற்கள் இருக்கிற மொழியில் அந்த மனிதர் இந்த இரண்டையும் இப்படி அடுத்தடுத்து உட்கார வைத்தார். ஒற்றைக் கொம்பு போட்டால் பொருள் கண் முன்னே இருக்கிறது. அதன்மேல் ஒரு சுழி கூடினால் பொருளே இல்லை.

பொருட்களுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளில் இந்தச் சிக்கல் வரவில்லை. அதற்குக் காரணம் காவலாளி. அவளைவிடப் பத்து வயது மூத்தவர், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் அசையாத மனிதர். அவள் எழுதும் ஒவ்வொரு அட்டையும் அவர் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போகும். தபால்காரரின் தொப்பிக்கு அவள் 'தோப்பி' என்று எழுதியபோது, அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "ஏன் தங்கச்சி, இது தோப்புல கிடந்த தொப்பியா?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். மத்தியானம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அவர் உட்கார்ந்து சாப்பிடுவார், அவள் நடையில் போய்வந்துகொண்டே சாப்பிடுவாள். "நீ சாப்பிடுறியா, சாப்பாட்ட ஊர் சுத்திக் காட்டுறியா?" என்பார்.

ஆனால் பதிவேடு அவர் கைக்குப் போகாது. அது அலமாரிக்குள் இருக்கும் சமாசாரம்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை என்றார்கள். அவள் ஒரு மாதம் விடுப்பு கேட்டாள். அந்த நேரத்தில்தான் நீள அறையில் புதிய கண்ணாடிப் பேழைகள் வந்து இறங்கியிருந்தன. நாற்பத்து மூன்று பொருட்களை இரண்டே நாளில் எடுத்து வைத்தாள். ஒரு காதில் ஆஸ்பத்திரிப் போன், ஒரு கையில் பதிவேடு. வைத்தாள், எழுதினாள், ஓடினாள்.

திரும்பி வந்தபோது வாசலில் ஸ்டூல் மட்டும் இருந்தது.

அருங்காட்சியகக் குழுவின் செயலாளர்தான் விஷயத்தைச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அவள் இல்லாத மாதத்தில் குழு வந்து பொருட்களை எண்ணியிருக்கிறது. டாக்டரம்மாவின் தங்கச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி டிராயரில் இல்லை. ஊரின் முதல் பெண் மருத்துவருடையது அது. பதிவேட்டிலும் காணாமல் போனது என்றுதான் இருந்தது. சாவிக்கொத்து காவலாளியிடம். "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சுன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். கொத்த மேஜையில வச்சுட்டுப் போயிட்டார்" என்றார் செயலாளர். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. பழைய பதிவேட்டைச் செயலாளர் தன் அச்சுக் கையெழுத்தில் புதிதாகப் பார்த்து எழுதிவைத்திருந்தார், சுருக்கங்கள் இல்லாமல், முழுச் சொற்களில். 'காணாமல் போனது' என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த எழுத்தைப் பார்த்தபின் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒன்று இருந்தது. அந்த இரண்டு நாளில் டிராயரைத் திறந்து கண்ணாடிக் கூட்டைக் கையில் எடுத்த ஞாபகம் அவளுக்கு இருந்தது. எங்கே வைத்தாள் என்பது இல்லை. எடுத்தது அன்றைக்கா, வேறொரு நாளா என்றும் நிச்சயமில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவராக வந்து ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் வரவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, மாதம் வருடமாயிற்று. மார்க்கெட் முனையில் அவர் பூட்டு, சாவி கடை போட்டார் என்று கேள்விப்பட்டாள். ஊரில் அவள் கால் படாத தெரு இல்லை என்பார்கள். மார்க்கெட் முனை மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

அருங்காட்சியகத்தில் வருடத்துக்கு ஒருமுறை 'வந்தவை போனவை' என்று ஒரு சனிக்கிழமைக் கூட்டம் நடக்கும். பொருள் கொடுத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். புதிதாக வந்தவை, பழுதானவை, காணாமல் போனவை எல்லாவற்றையும் பட்டியலாக உரக்க வாசிப்பார்கள். கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக முதல் தலைவர் வைத்த வழக்கம். வாசிப்பது சக்கரம். பதினோரு வருடமாக, "டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடி, காணாமல் போனது" என்று அறுபது பேர் முன்னால் அவள் வாயாலேயே வாசித்திருக்கிறாள். அந்த வரி வரும்போது இரண்டு மூன்று பேர் வாசல் ஸ்டூலைப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, 'தொட்டுப் பார்க்கும் நாள்' வந்தது. பார்வையற்றவர்கள் வந்து பொருட்களைக் கையால் தெரிந்துகொள்ளும் நாள். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த அம்மாள். பள்ளி மணியைத் தடவினார், டார்ச் லைட்டைத் தட்டினார், பிறகு கேட்டார்:

"டாக்டரம்மாவோட பை இங்கதான் இருக்காமே?"

"இருக்கும்மா. ஆனா தோல் இத்துப்போயிருக்கு, தொட வேணாம்னு..."

"நான் பைய கேக்கல, அந்தக் கொக்கியக் கேக்குறேன். சின்ன வயசுல எனக்கு ஊசின்னாலே நடுக்கம். அது 'டக்'குனு திறக்கும். அந்தச் சத்தம் கேட்டா ஓடிருவேன். எங்க ஓடுறது, சுவத்துலதான் போய் முட்டுவேன். இப்ப ஒரு தடவ கேட்டுக்கிறேனே."

எல்லாரும் சிரித்தார்கள். சக்கரம் பேழையைத் திறந்து, பையை மெத்தென்ற துணியின் மேல் வைத்தாள். அந்த அம்மாள் விரலால் கொக்கியைத் தேடி அமுக்கினார். டக். "அதேதான்!" என்றார். குழந்தைபோல இன்னும் இரண்டு முறை அமுக்கினார். பிறகு கை தானாக உள்ளே போனது.

"இதென்ன, உள்ள ஒரு கூடு இருக்கே. கண்ணாடிக் கூடு." திறந்து, சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். "மெல்லிசாத்தான் இருக்கு. இதைப் போட்டுக்கிட்டா எங்களுக்கு ஊசி போட்டாங்க?"

சக்கரத்தின் கால் அன்றைக்குத்தான் நின்றது.

"ஏம்மா சத்தத்தையே காணோம்?" என்றார் அந்த அம்மாள்.

"ஒண்ணுமில்ல. இதைப் பதினோரு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்."

"கண்ணாலயா தேடுனீங்க?" என்று கேட்டு அவரே சிரித்தார். சக்கரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாரும் போனபின் பழைய பதிவேட்டைத் தேடினாள். பம்பு அறையின் மூலையில், நான்காவது பெட்டியின் அடியில் இருந்தது. அந்த இரண்டு நாட்களின் பக்கத்தைப் புரட்டினாள். நாற்பத்து மூன்று வரிகள், அத்தனையும் அவள் கையெழுத்து. 'கா.பொ., கா.பொ., கா.பொ.' என்று இறங்கிக்கொண்டே வந்து, நடுவில் கொம்பு மேலே ஒரு சுழி சுழித்திருந்தது. விரலை வைத்து எண்ணினாள். மொத்தம் ஏழு இடங்களில் 'கா.போ.' என்று இருந்தது. மற்ற ஆறு பொருட்களும் பேழைகளில் பளிச்சென்று கண்ணெதிரே இருந்ததால், எண்ணிய குழு அவற்றைக் காட்சிப் பொருள் என்றே எடுத்துக்கொண்டது. ஏழாவது டாக்டரம்மாவின் கண்ணாடி. இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. பையின் வாய் திறந்திருக்க, கூடு பாதி வெளியே தெரியும்படி சாய்த்து வைத்திருந்தாள். பிறகு யாரோ தூசிக்குப் பயந்து பையின் வாயை மூடியிருக்க வேண்டும்.

பெட்டிகளுக்கு நடுவே நான்கு எட்டு வைக்கத்தான் இடம் இருந்தது. அந்த நான்கு எட்டிலேயே போய்வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் செயலாளரிடம் இரண்டு பதிவேடுகளையும் விரித்துக் காட்டினாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போ-ன்னுதான் இருக்கு. இருந்ததைத்தான் நான் எழுதினேன்."

"ஆமா சார். என் கைதான்."

"கிடைச்சது நல்லதாப் போச்சு. சனிக்கிழமை வாசிக்கும்போது அந்த வரிய விட்டுடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

"பதினோரு வருஷம் வாசிச்சிருக்கேன் சார். விட்டா மட்டும் போயிருமா?"

"உங்க வேலைய வருஷா வருஷம் புதுப்பிக்கிறது குழு. அது ஞாபகம் இருக்கட்டும். மிரட்டலம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மறுபடி கிளறினா அவருக்கும்தானே வருத்தம்?"

"அதை அவர்கிட்டயே கேட்டுட்டு வந்துடுறேன்" என்று அவள் எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டாள் என்பது ஒரு பேச்சுக்கு. அவள் உட்காரவே இல்லை.

மார்க்கெட் முனை வரை வேகமாகத்தான் போனாள். கடை கண்ணில் பட்டதும் கால் பின்னிக்கொண்டது. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் இரண்டு முறை கடந்து போனாள். மூன்றாவது முறை கடக்கும்போது, அவர் தலையைத் தூக்காமலே, அரத்தால் சாவியைத் தேய்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்ன மேடம், சாவி போடணுமா?"

தங்கச்சி இல்லை, மேடம்.

கடை என்றால் ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்டூல், பின்னால் ஆணிகளில் நூற்றுக்கணக்கான வெட்டாத சாவிகள். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். பை, கொக்கி, கண்ணாடி, கொம்பு, சுழி. மூச்சு விடாமல் சொன்னாள். அவர் சாவியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், தேய்த்த சாவியை ஊதிப் பார்த்தார்.

"ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு பல பேர் கேப்பாங்க. உன்கிட்டதானே சாவி இருந்துச்சுன்னு ஊரே சொல்லுச்சு. சரி, இருக்கட்டும்னு அதையே வச்சுக்கிட்டேன்." சிரித்தார். சிரிப்பில் சத்தமில்லை. "ஒரு வேடிக்கை தெரியுமா? திருடன்னு சொன்னவங்கதான் வீட்டுச் சாவியக் கொண்டாந்து குடுத்து, இன்னொண்ணு போட்டுத் தாங்கன்னு நிக்கிறாங்க."

"என் தப்புதான் அண்ணே. என் கை பண்ணுன தப்பு."

"கொம்பா? கை தவறுறதுதான். அது எனக்குப் பெருசாப் படல." அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்க லீவு முடிஞ்சு வந்தீங்கல்ல? அங்கிருந்து இங்க எவ்வளவு தூரம்? ஊரெல்லாம் சுத்துற கால். ஒரு நாள் வந்து, அண்ணே என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா?"

இத்தனை நேரமும் சுழியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தவளுக்கு, அவர் கேட்டது பதிவேட்டின் எந்தக் கட்டத்திலும் இல்லாதது.

"கேக்கல" என்றாள். "எடுத்த மாதிரி ஒரு ஞாபகம் இருந்துச்சு. அதையும் சொல்லல. பயமா இருந்துச்சு."

ஒருவர் சாவியோடு வந்து நின்றார். அவள் நகர்ந்து கொடுத்தாள்.

"நாளன்னைக்குச் சனிக்கிழமை, வந்தவை போனவை. நான் வாசிக்கிறேன். வாங்கண்ணே."

"கடை இருக்கு" என்றார் அவர், வந்தவரின் சாவியை வாங்கிக்கொண்டே.

சனிக்கிழமை அறுபது நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. சக்கரம் பழைய பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். புதிதாக வந்தவை முடிந்தன. பழுதானவை முடிந்தன. செயலாளர் முதல் வரிசையில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு முறை வாசலைப் பார்த்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது. சரி, வராவிட்டால் என்ன, இதைக் கேட்க வேண்டியவர்கள் இந்த அறுபது பேர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடி" என்றாள். "காணாமல் போகவில்லை. அது இங்கதான் இருந்துச்சு, அவங்க பைக்குள்ள. வச்சது நான். தப்பா எழுதினது நான். இது என் கையெழுத்து, யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம். எடுத்த ஞாபகம் கொஞ்சம் இருந்தும் வாயத் திறக்காம இருந்ததும் நான். நம்ம காவலாளிமேல ஒரு குத்தமும் இல்ல. அவர் போனப்புறம், அவர்கிட்ட ஒரு வார்த்தை நான் கேக்கல. இங்க இருக்கிற யாரும் கேக்கல."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. பின்வரிசையில் யாரோ, "அப்ப இத்தனை வருஷமும்..." என்று தொடங்கி விழுங்கிவிட்டார்கள். செயலாளர் எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டி, "யாராவது அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார்.

எப்போது வந்தாரோ, நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கை முழுக்க அரத்தூள். கடையைப் பூட்டிய சாவி விரலில் தொங்கியது.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டம் வழிவிட, நேராகப் பேழை அருகே போனார். பையின் வாய் திறந்திருந்தது. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் அன்று காலை அவள் அவசரமாக எழுதி வைத்த அட்டை. பழைய வழக்கப்படி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். அவள் பின்னால் வந்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"காட்சிப் போருள்" என்று உரக்க வாசித்தார் அவர். "எந்தப் போருக்கு அனுப்புறீங்க இந்தக் கண்ணாடிய?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு பலர். அவள் எட்டிப் பார்த்தாள். கொம்பின் மேல் அதே சுழி.

"ஐயோ" என்று பேனாவை எடுத்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே பேழைமேல் அட்டையைச் சாய்த்துத் திருத்தப்போனாள்.

அவர் அட்டையின் மேல் கையை வைத்தார். தனக்காகப் போட்ட நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து எழுது."

எழுதுங்க என்று சொல்லவில்லை. தங்கச்சி என்றும் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தாள். புது அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரே ஒரு கொம்பு போட்டாள். முழங்கால் மட்டும் நாற்காலிக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு, எழுதி முடியும் வரை அங்கேயே நின்றார்.